காது, மூக்கு, தொண்டை: குத்தூசி உதவுவது எங்கே?

1958 ஆகஸ்ட் 30 அன்று ஷாங்காய் நகரத்தின் முதலாம் மக்கள் மருத்துவமனையில் ஒருவருக்கு டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் காது மூக்கு தொண்டைப் பிரிவு மருத்துவர் யின் ஹுய்ஜு. மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. நோயாளியின் இரண்டு கைகளிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை திரண்டிருக்கும் இடத்தில், ஊசிகள் செருகப்பட்டிருந்தன. சீன மருத்துவம் அந்த இடத்தை ஹெகு என்கிறது. டான்சில் எடுத்தவர்களுக்கு எச்சில் விழுங்குவதே பெரும் வேதனை. அந்த வலியைத் தணிக்க ஊசி குத்திப் பார்த்ததில் பலன் தெரிந்தது. அப்படியானால் அறுவையின்போதே வலியைத் தடுக்க முடியாதா என்ற கேள்வி பிறந்தது. குத்தூசி (அக்குபங்சர்) மயக்க முறையின் தொடக்கமாகச் சீனர்கள் குறிப்பிடுவது இந்த அறுவையைத்தான்.

1971 ஜூலையில், 4 லட்சம் பேருக்கு இம்முறையில் அறுவை செய்துவிட்டதாகச் சீன அரசின் செய்தி நிறுவனம் அறிவித்தது. அதே மாதம் பெய்ஜிங்கில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அவருக்கு வழக்கமான மயக்க ஊசிதான் போட்டார்கள். பிறகு ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு மட்டுமே குத்தூசி வைத்தார்கள். ஆனால் அவர் எழுதிய கட்டுரை வாய்வழியாகப் பரவியபோது, அறுவையே ஊசியால் நடந்ததாக உலகம் நம்பத் தொடங்கியது. குத்தூசியைப் பற்றிய பேச்சில் உண்மையும் மிகையும் அன்று முதல் கலந்தே பயணிக்கின்றன. இந்தக் கட்டுரையின் வேலை, காது, மூக்கு, தொண்டை நோய்களைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது.

காது மூக்கு தொண்டை என்பது மருத்துவமனையில் ஒரே அறை. ஆனால் அந்த அறைக்கு வெளியே காத்திருக்கும் பத்துப் பேருக்குப் பத்து வகை நோய் இருக்கும். ஒருவருக்கு மகரந்தத்தால் தும்மல்; இன்னொருவருக்கு உட்காதில் செல்கள் அழிந்ததால் செவிடு; மூன்றாமவருக்குக் குரல்வளையில் கட்டி. "அக்குபங்சர் காது மூக்கு தொண்டை நோய்களைக் குணமாக்குமா?" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. நோய்வாரியாகத்தான் கேட்க வேண்டும்.

இரண்டு பட்டியல்கள்

அக்குபங்சர் நிலையங்களின் சுவர்களில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரோடு ஒரு நோய்ப் பட்டியல் தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் மூலம் 1979. அந்த ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த கருத்தரங்கையொட்டி வெளியான பட்டியலில் கடும் சைனஸ் அழற்சி, மூக்கழற்சி, சளி, டான்சில் அழற்சி எல்லாம் இடம்பெற்றன. அது வல்லுநர்களின் அனுபவக் கருத்து. ஒப்பீட்டு ஆய்வுகளை எடைபோட்டுத் தயாரித்தது அல்ல.

இரண்டாவது பட்டியல் 2002-இல் தொகுக்கப்பட்டது. அது நோய்களைத் தரம் பிரித்தது. ஒவ்வாமை மூக்கழற்சி முதல் தரத்தில், அதாவது பலன் நிரூபணமானவற்றில், இருந்தது. காதுவலி, தொண்டைவலி, எளிய மூக்கு ரத்தக் கசிவு, மெனியர் என்ற உட்காது நோய் ஆகியவை இரண்டாம் தரத்தில், மேலும் ஆய்வு தேவைப்படுபவையாக வைக்கப்பட்டன. செவிட்டுத்தன்மை அதற்கும் கீழே போனது. சுவரில் தொங்கும் பட்டியலில் இந்தத் தர வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. எல்லா நோய்களும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் நிற்கின்றன. அந்தத் தொகுப்பும் ஆய்வுகளின் தரத்தைக் கறாராகச் சலிக்கவில்லை என்ற விமர்சனத்துக்கு உள்ளானது.

போலி ஊசியின் கதை

மாத்திரையைச் சோதிப்பது எளிது. மருந்துள்ள மாத்திரையும் மருந்தில்லா மாத்திரையும் ஒரே நிறத்தில் இருந்தால் போதும். ஊசியில் என்ன செய்வது? குத்தினால் தெரியும், குத்தாவிட்டாலும் தெரியும். இந்தச் சிக்கலுக்கு 1998-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்ட்ரைட்பெர்கரும் கிளைன்ஹென்ஸும் லான்செட் இதழில் ஒரு வழி சொன்னார்கள். மேடை நாடகத்தின் கத்தி குத்தும்போது பிடிக்குள் சுருங்குவதுபோல, அவர்கள் வடிவமைத்த ஊசி தோலைத் தொட்டதும் தன் கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும். நோயாளிக்குச் சுருக்கென்று இருக்கும். ஊசி உள்ளே போயிருக்காது. வேறு சில ஆய்வாளர்கள், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தி ஒப்பிட்டார்கள்.

இந்த ஏற்பாடு ஏன் அவசியம் என்பதற்குக் காது இரைச்சல் ஆய்வுகள் நல்ல சான்று. 2000-இல் பார்க், வைட், எர்ன்ஸ்ட் ஆகிய மூவரும் அதுவரை வந்த 6 ஒப்பீட்டு ஆய்வுகளை அலசினார்கள். எது நிஜம், எது போலி என்று நோயாளிக்குத் தெரிந்திருந்த 2 ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொல்லின. தெரியாமல் மறைத்து நடத்திய 4 ஆய்வுகளில் வேறுபாடே இல்லை. ஒரே நோய், ஒரே ஊசி. மறைத்ததும் பலன் மறைந்தது. "எனக்குச் சரியாகிவிட்டது" என்று ஒருவர் சொல்வதை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அதை வைத்து அடுத்தவருக்கு மருத்துவம் பரிந்துரைக்க முடியாது.

மூக்கு: ஓரளவு பலன்

இத்துறையில் குத்தூசிக்கு வலுவான சான்று உள்ள இடம் ஒவ்வாமை மூக்கழற்சி. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண் அரிப்பு என்று அவதிப்படுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியும், நம் சாலையோரங்களை ஆக்கிரமித்த பார்த்தீனியமும் இதைத் தூண்டுபவை.

ஜெர்மனியில் பிரிங்ஹவுஸ் குழுவினர் 422 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. பிர்ச் மர, புல் மகரந்தத்தால் பாதிக்கப்பட்ட அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். 212 பேருக்கு உண்மையான குத்தூசி, 102 பேருக்குப் போலிக் குத்தூசி, 108 பேருக்கு மருந்து மட்டும். முதல் இரு பிரிவினரும் தேவைப்பட்டால் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். 8 வாரத்தில் 12 அமர்வுகள். ஹெகு, முழங்கை மடிப்பின் வெளிமுனை, இரு புருவங்களின் நடு, மூக்குச் சிறகை ஒட்டிய பள்ளம் ஆகிய நான்கு இடங்களும் உண்மை ஊசி பெற்ற எல்லோருக்கும் கட்டாயம். மற்றப் புள்ளிகளை மருத்துவர் ஆளுக்கேற்பத் தேர்ந்தார்.

8 வார முடிவில், 0 முதல் 6 வரையான வாழ்க்கைத்தர அளவுகோலில், உண்மை ஊசி பெற்றவர்கள் போலி ஊசி பெற்றவர்களைவிட 0.5 புள்ளியும், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட 0.7 புள்ளியும் முன்னேறியிருந்தார்கள். மாத்திரைத் தேவையும் குறைந்தது. ஆனால் 16-ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு இல்லாமல் போனது. எண்ணளவில் உறுதியான இந்த முன்னேற்றம் நோயாளியின் அன்றாடத்தில் பெரிதாக உணரப்படாமலும் போகலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தங்கள் முடிவை ஊதிப் பெருக்காத அந்த நேர்மை இத்துறைக்கு மிகவும் தேவை.

இதையெல்லாம் எடைபோட்ட அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2015 வழிகாட்டி, மருந்தில்லாச் சிகிச்சையை விரும்பும் ஒவ்வாமை மூக்கழற்சி நோயாளிகளுக்குக் குத்தூசியை ஒரு வாய்ப்பாகத் தரலாம் என்றது. "தரலாம்" என்பதைத் "தர வேண்டும்" என்று படிக்கக் கூடாது. அதே வழிகாட்டி, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தையும் அலர்ஜி மாத்திரையையும் உறுதியாகவே பரிந்துரைக்கிறது.

மருந்துக்கடையில் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் இரவுதோறும் விட்டுக்கொள்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஒரு வாரத்துக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பைக் கூட்டும்; சொட்டு விடாமல் தூங்க முடியாத நிலை வரும். மாத்திரையின் தூக்கக் கலக்கம் ஒத்துவராத ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். இவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு குத்தூசியை ஒரு துணையாக முயன்று பார்ப்பதில் தவறில்லை.

காது: பெரிய எதிர்பார்ப்பு, சிறிய பலன்

மூக்கில் ஓரளவு வெற்றி கிடைத்தாலும், காதில்தான் பெரிய ஏமாற்றம் நடந்தது. 1968 வாக்கில், சீனாவின் ஜிலின் மாகாணத்தில் லியாவ்யுவான் நகரத்துக் காதுகேளாதோர் பள்ளிக்கு ராணுவ மருத்துவக் குழு ஒன்று போனது. அதைச் சேர்ந்த ஜாவ் புயு, பிடரியின் நடுவில் மயிர்க்கால் எல்லையை ஒட்டிய யாமென் என்ற புள்ளியில், வழக்கத்தைவிட ஆழமாக ஊசி செருகினார். அதன் அடியில் இருப்பது முகுளமும் தண்டுவடமும் சேரும் இடம். ஆபத்தை அறிய முதலில் தன் பிடரியிலேயே குத்திப் பார்த்தவர் அவர். செவிட்டுப் பிள்ளைகளுக்குக் காது கேட்கிறது, அவர்கள் பாடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. புகழ்ப் பாடல்கள் பிறந்தன. கலாச்சாரப் புரட்சியின் காலம் அது. மறுத்துக் கேள்வி கேட்க யாருக்கும் துணிவில்லை.

அந்தச் செய்தி அமெரிக்காவை எட்டியதும் அங்கேயும் செவிட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் குத்தூசி நிலையங்களில் வரிசை கட்டினார்கள். 1970-களின் நடுவில் ஆய்வாளர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆடியோமீட்டரில் அளந்து பார்த்தார்கள். கேட்கும் திறன் கூடவில்லை. காரணம் உட்காதின் அமைப்பிலேயே இருக்கிறது. நத்தை வடிவிலான காக்ளியாவில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. மனிதரிடத்தில் அவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. இல்லாத செல்லை ஊசியால் எழுப்ப முடியாது. ஊசியை நம்பிக் காத்திருந்த மாதங்களில் அந்தக் குழந்தைகள் இழந்தது, மொழியைக் கற்கும் வயதை. அது திரும்பாது. தமிழகத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி கிடைக்கிறது. பிறவிச் செவிட்டுக்கு ஊசி போட்டுக் காலம் கழிப்பது அந்த வாசலைத் தாமே மூடிக்கொள்வதாகும்.

காது இரைச்சலைப் பற்றி 2014-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, குத்தூசிக்கு ஆதரவாகவோ எதிராகவோ எதையும் பரிந்துரைக்க இயலாது என்று ஒதுங்கிக்கொண்டது. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காதுக் கருவியையும், இரைச்சலால் மனம் வாடுபவர்களுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் அது பரிந்துரைத்தது.

தலைசுற்றலிலும் இதேபோல் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் புரண்டதும் அறையே சுழலும் வகை ஒன்று உண்டு. உட்காதின் சமநிலை உறுப்பில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் கழன்று, அரைவட்டக் குழாய்க்குள் உருண்டுவிடுவதால் வருவது அது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பித் துகளை வெளியேற்றும் எப்லி முறைக்குச் சில நிமிடங்கள் போதும். துகளை நகர்த்துவது தலையின் அசைவு. அந்த வேலையை ஊசி செய்யாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது திடீர்ச் செவிடு. காலையில் எழுந்ததும் ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருக்கும். குளிர்ந்த நீர் புகுந்திருக்கும், மெழுகு அடைத்திருக்கும் என்று பலரும் நாள் கடத்துவார்கள். அது உட்காது நரம்புக் கோளாறாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். செவிப்பறை வழியாக மருந்து செலுத்தும் மீட்பு முயற்சிக்கும் 2 முதல் 6 வாரம் வரைதான் அவகாசம். "பத்து அமர்வு பார்ப்போம்" என்று சொல்லும் ஊசி நிலையத்தில் அந்த நாள்களைச் செலவழித்தவருக்கு, இழந்த செவியை யாராலும் திருப்பித் தர முடியாமல் போகலாம்.

தொண்டை: அறுவைக்குப் பிறகும் கதிர்வீச்சுக்குப் பிறகும்

உள்ளங்கைப் பக்கமாக மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் என்ற புள்ளி இருக்கிறது. மயக்கம் தெளியும்போது வரும் குமட்டலையும் வாந்தியையும் இப்புள்ளியைத் தூண்டிக் குறைக்கலாம். இதைப் பற்றிய 59 ஆய்வுகளை, மொத்தம் 7,667 பேரின் தரவுகளை, 2015-இல் காக்ரேன் மதிப்பீடு தொகுத்துப் பார்த்தது. போலிச் சிகிச்சையைவிடப் பலன் தெளிவாக இருந்தது. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழச் சமம். ஆய்வுகளின் தரம் சீராக இல்லை என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. டான்சில் அறுவைக்குப் பிறகு குழந்தைகள் வாந்தி எடுப்பது வழக்கமான தொல்லை என்பதால் இது காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி.

டான்சில் அறுவையின் வலிக்கும் இப்போது மாற்று தேடப்படுகிறது. குழந்தைகள் இறந்ததையடுத்து, டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் என்ற வலிமருந்தைக் கொடுப்பதற்கு எதிராக 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஸ்டான்ஃபோர்டில், மயக்கத்தில் இருக்கும்போதே குழந்தைகளுக்கு ஊசி வைத்துச் செய்த சிறிய ஆய்வு 2015-இல் வெளியானது. வீடு திரும்பிய பின் வலி குறைந்திருந்ததாக அது கூறியது. ஆய்வு சிறியது என்பதை மறக்காமல் இதை ஏற்கலாம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களின் எச்சில் சுரப்பிகள் வற்றிவிடும். ஒரு கவளம் சோற்றையும் தண்ணீர் குடித்துக் குடித்தே விழுங்க வேண்டிய வாழ்க்கை அது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையமும் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையமும் சேர்ந்து 399 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. கதிர்வீச்சு நடக்கும் வாரங்களிலேயே வாரம் மூன்று முறை ஊசி. ஓராண்டு கழித்து வாய்வறட்சி அளவு, உண்மை ஊசி பெற்றவர்களிடம் 26.6, போலி ஊசிக்கு 31.3, வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களிடம் 34.8. உண்மை ஊசி, வழக்கமான பராமரிப்பைத் தெளிவாக வென்றது. போலி ஊசியை வென்றதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஷாங்காயில் போலி ஊசிக்குப் பெரிய விளைவு இல்லை. ஹூஸ்டனிலோ போலி ஊசி பெற்றவர்களும் நன்றாகத் தேறினார்கள். நோயாளியின் எதிர்பார்ப்பும் மருத்துவரின் அணுகுமுறையும் சிகிச்சையின் பகுதிகளே என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

ஏன் சிலவற்றில் மட்டும்?

1977-இல் மேயரும் உடன் ஆய்வாளர்களும் ஹெகு புள்ளியில் ஊசியைத் திருகிப் பல்லின் வலி தாங்கும் அளவைச் சோதித்தார்கள். தாங்கும் அளவு உயர்ந்தது. அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அது இறங்கியது. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்கள் இதில் பங்கெடுப்பதாக அது காட்டியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகாவிட்டாலும், ஊசியின் விளைவு நரம்பு வழியாகவே போகிறது என்ற புரிதல் நிலைத்துவிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் மேலே கண்ட முடிவுகள் ஒரு வரிசைக்கு வருகின்றன. வலி, குமட்டல், மூக்குச் சுரப்பு, எச்சில் சுரப்பு ஆகியவை நரம்பின் கட்டுப்பாட்டில் ஏறி இறங்குபவை. அங்கே ஊசிக்கு ஓர் இடம் இருக்கிறது. அழிந்த மயிர்ச் செல், குழாயில் உருண்ட துகள், காது எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா கட்டி, குரல்வளைப் புற்று ஆகியவை உறுப்பின் கட்டமைப்பில் நேர்ந்த சேதம்; அங்கே ஊசிக்கு வேலை இல்லை.

ஊசியின் ஆபத்து

நீளமான ஊசிகளும் இத்துறையில் உண்டு. பெய்ஜிங் டோங்ரென் மருத்துவமனையின் லி சின்வூ 1960-களில் வளர்த்தெடுத்த முறையில், கன்ன எலும்பு வளைவுக்கு அடியில் ஊசியைச் செருகி, மூக்கின் சுரப்பையும் ரத்த ஓட்டத்தையும் ஆளும் நரம்பு முடிச்சை எட்ட வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்கும் மேல். அந்த இடுக்கில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. உடற்கூறு தெரிந்த மருத்துவர் தவிர வேறு யாரும் முயலக் கூடாத வேலை.

பொதுவான ஊசிகளைப் பொறுத்தவரை ஆபத்து குறைவு. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கண்காணித்து 2009-இல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் ரத்தக் கசிவு, ரத்தக்கட்டு. 2.2 சதவீதம் பேருக்கு அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டது. இருவருக்கு நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது. காது மடலில் ஊசி குத்தும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மடல் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் மடல் சீழ்கட்டிச் சுருங்கிவிடும். நாள்கணக்கில் காதிலேயே ஒட்டிவைக்கும் ஊசிகளால் இது நேர்ந்திருக்கிறது.

நம் ஊரில்

ஜப்பான் படையெடுப்பின்போது சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், மருத்துவர் கோட்னிஸுடன் இருந்தவர் கல்கத்தாவின் மருத்துவர் விஜய் குமார் பாசு. பின்னர் மீண்டும் சீனா சென்று குத்தூசி கற்று வந்து இந்தியாவில் பரப்பியவர் அவர். கொழும்பு களுபோவில அரசு மருத்துவமனையில் ஆன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சி மையத்துக்கும் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். இந்திய அரசு 2003-இல் குத்தூசியைச் சிகிச்சை முறையாக அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

இன்று தமிழகத்தில் ஒற்றை ஊசி முறையும், ஊசியே இல்லாமல் விரலால் தொடும் முறையும் பரவியிருக்கின்றன. இவற்றைச் செய்பவர்களில் சிலர் மருந்தையும் பரிசோதனையையும் தடுப்பூசியையும் கூடாது என்று போதிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த ஆய்வும் அந்தப் போதனைக்கு ஆதரவு தரவில்லை. மூக்கழற்சி ஆய்வில் ஊசி பெற்றவர்கள் கையில் செட்ரிசின் இருந்தது. வாய்வறட்சி ஆய்வில் நோயாளிகள் கதிர்வீச்சை நிறுத்தவில்லை. ஊசி பலன் தந்த இடமெல்லாம் அது நவீன மருத்துவத்தின் பக்கத்தில் நின்றே தந்தது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. எந்த நோய் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகே ஊசிக்குப் போங்கள். ஒவ்வாமைத் தும்மலுக்கும், அறுவைக்குப் பிந்தைய குமட்டலுக்கும், கதிர்வீச்சால் வரும் வாய்வறட்சிக்கும் அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பிரித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதானா என்று பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால், காதிலிருந்து நாற்றத்துடன் சீழ் வடிந்தால், ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் ரத்தமும் இருந்தால், குரல் கம்மி நான்கு வாரம் தாண்டினால், பிள்ளை ஒலிக்குத் திரும்பாமல் இருந்தால், எந்த ஊசிக்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.